சொகுசு காரின் முன்பக்க சஸ்பென்ஷன் ஆர்ம்களை வீட்டிலேயே மாற்றுவது: முழுமையான வழிகாட்டி

பிஎம்டபிள்யூ 5 சீரிஸ், ஆடி ஏ4 மற்றும் ஏ6, மெர்சிடிஸ்-பென்ஸ் இ கிளாஸ் போன்ற கார்களின் முன் சக்கரத்தை ஒரே பெரிய ஆர்ம் (சக்கரத்தைக் காரின் உடலோடு இணைக்கும் உலோகக் கை) தாங்குவதில்லை. ஒவ்வொரு பக்கமும் இரண்டு முதல் நான்கு வரை மெல்லிய ஆர்ம்கள் இருக்கும். ஆர்மின் ஒரு முனையில் ரப்பர் புஷ் (இரண்டு உலோக வளையங்களுக்கு நடுவே ரப்பர்), மறுமுனையில் பால் ஜாயின்ட் (எல்லாப் பக்கமும் திரும்பும் உருண்டை மூட்டு). இவற்றை மாற்றும் வேலைக்கான வழிகாட்டி இது.

வேலை கடினமானதல்ல, வரிசைதான் முக்கியம். புதிய ஆர்ம் போட்டும் ஒரு வருடத்துக்குள் மறுபடி சத்தம் வருகிறது என்றால், பல நேரம் கோளாறு பாகத்தில் இருப்பதில்லை. சக்கரம் தொங்கிக்கொண்டிருக்கும்போதே புஷ் போல்ட்டை முழுதாக இறுக்கியிருப்பார்கள். கீழே சொல்லும் வரிசை முழுவதும் அந்த ஒரு தவறைத் தவிர்ப்பதற்காக அமைந்தது. அளவெடுப்பதை முதலிலும் இறுதி இறுக்கத்தைக் கடைசியிலும் வைத்திருப்பது அதனால்தான்.

1. எது தேய்ந்திருக்கிறது என்று முதலில் உறுதிசெய்யுங்கள்

சத்தம் வரும் நேரமே பாதி விடை சொல்லிவிடும். சின்னச் சின்ன மேடு பள்ளங்களில் மெதுவாகப் போகும்போது 'டக் டக்' என்று கேட்டால் ஸ்டெபிலைசர் லிங்க்கை (வளைவில் கார் சாயாமல் பிடிக்கும் ஸ்டெபிலைசர் பாரைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் சிறு தண்டு) முதலில் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போதும், ரிவர்ஸில் கிளம்பி நிற்கும்போதும் ஒரே ஒரு கனமான 'தொக்' வந்தால், சக்கரத்தை முன்பின்னாக நகராமல் பிடித்திருக்கும் ஆர்மின் புஷ் போயிருக்க வாய்ப்பு அதிகம்.

80 முதல் 100 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறதா? பிஎம்டபிள்யூ 5 சீரிஸில் இதற்குப் பெரும்பாலும் காரணம் இதே முன்பின் ஆர்மின் புஷ்தான். அது உள்ளே திரவம் நிரப்பிய புஷ். கிழிந்துவிட்டால் ஆர்மைச் சுற்றிக் கறுப்பான எண்ணெய்ப் பிசுக்கு வழிந்திருக்கும். நடுக்கம் பிரேக் பெடலிலும் தெரிந்தால் பிரேக் டிஸ்க்கையும் அளந்து பாருங்கள். டிஸ்க் கோணலாக இருக்கும்போது புஷ்ஷை மட்டும் மாற்றினால் நடுக்கம் குறையும், போகாது.

அடுத்து, காரைத் தூக்கிச் சக்கரத்தை அசைத்துப் பாருங்கள். மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் தெரிந்தால் பால் ஜாயின்ட் அல்லது வீல் பேரிங். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது தெரிந்தால் பெரும்பாலும் டை ராட், அதாவது ஸ்டீயரிங்கிலிருந்து வந்து சக்கரத்தைத் திருப்பும் தண்டு. பேரிங்கா பால் ஜாயின்டா என்று குழப்பமாக இருந்தால் ஒருவரை பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங். அப்படியே இருந்தால் பால் ஜாயின்ட்.

இங்கே பலர் ஏமாறும் ஓர் இடம் உண்டு. ஸ்பிரிங்கின் பாரம் உட்காரும் கீழ் ஆர்மின் பால் ஜாயின்ட், சக்கரம் தொங்கும்போது ஸ்பிரிங் அழுத்தத்தில் இறுகி நிற்கும். தேய்ந்திருந்தாலும் ஆட்டம் காட்டாது. அந்த ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் ஜாக்கி வைத்துச் சற்றே தூக்கி, பாரத்தை விலக்கிவிட்டு ஆட்டுங்கள். புஷ்களுக்குக் கை பலம் போதாது, நெம்புகோல் வைத்து ஆர்மை நெம்ப வேண்டும். ரப்பர் கொஞ்சம் வளைந்து கொடுப்பது இயல்பு. உள்வளையம் வெளிவளையத்தில் இடிக்கும் அளவுக்குப் போனாலோ, ரப்பர் ஓரத்தில் பிளந்து தெரிந்தாலோ மாற்ற வேண்டியதுதான்.

2. என்ன வாங்குவது

எப்போதும் ஜோடியாக வாங்குங்கள். இடது பக்கம் புதிய புஷ், வலது பக்கம் தளர்ந்த புஷ் என்றால் பிரேக் பிடிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுக்கும்.

தேய்ந்த புஷ்ஷை மட்டும் தனியாக வாங்கலாம், ஆனால் அதை ஆர்முக்குள் ஏற்ற ஹைட்ராலிக் பிரஸ் வேண்டும். பல புஷ்களில் ரப்பருக்குள் காலி இடைவெளிகள் விட்டிருப்பார்கள். அவை எந்தத் திசையைப் பார்க்க வேண்டும் என்பதற்குப் புஷ்ஷிலும் ஆர்மிலும் குறி இருக்கும். சில டிகிரி தவறினாலும் காரின் போக்கு மாறிவிடும். முதல் தடவை செய்பவர்கள் புஷ்ஷும் பால் ஜாயின்டும் பொருத்தியே வரும் முழு ஆர்மை வாங்குவது நல்லது. கூடுதலாகும் பணம் பிரஸ் வேலையையும் திசைப் பிழையையும் மிச்சப்படுத்துகிறது.

ஆடி ஏ4, ஏ6 வகைக் கார்களில் பக்கத்துக்கு நான்கு ஆர்ம்கள். எட்டும் சேர்ந்த செட்டாகக் கிடைக்கும். மேலே இருக்கும் இரண்டை மாற்ற எடுக்கும் உழைப்பைப் பார்த்தால், ஒன்று போயிருந்தாலும் மேலிரண்டையும் சேர்த்து மாற்றுவதே சரி.

இன்னொன்று: சில மெர்சிடிஸ் மாடல்களில் கீழ் பால் ஜாயின்ட் ஆர்மில் இருக்காது, நக்கிளுக்குள் (ஆர்ம்களின் வெளிமுனைகள் சேரும், சக்கரத்தைத் தாங்கும் பாகம்) அழுத்திப் பொருத்தியிருப்பார்கள். அதற்குத் தனிக் கருவி தேவை. ஆர்டர் போடும் முன் உங்கள் காரின் பாக வரைபடத்தைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

போல்ட், நட்டுகளை மறக்காதீர்கள். இந்தக் கார்களில் சஸ்பென்ஷன் போல்ட்டுகள் பலவற்றுக்குக் குறிப்பிட்ட டார்க்கும் (இறுக்கும் திருப்புவிசையின் அளவு) அதற்கு மேல் திருப்ப ஒரு கோணமும் சொல்லியிருப்பார்கள். அப்படி இறுக்கும் போல்ட் இழுபட்டு நீளும்படி வடிவமைக்கப்பட்டது, ஒரு தடவைக்குத்தான். தானாகப் பூட்டிக்கொள்ளும் நட்டுகளும் அப்படித்தான். ஆர்ம் வாங்கும்போதே இவற்றையும் செட்டாக வாங்கிவிடுங்கள். கார் ஸ்டாண்டில் நிற்கும்போது ஒரு போல்ட்டுக்காக வேலை நின்றுபோவது அடிக்கடி நடப்பது.

3. கருவிகள்

- காரின் பாரம் தாங்கும், தரையில் உருளும் வகை ஜாக்கி, இரண்டு ஆக்சில் ஸ்டாண்ட், சக்கரத்துக்கு முட்டுக்கட்டைகள்
- ஜாக்கிக்கும் ஸ்டாண்டுக்கும் ரப்பர் பேட்
- டார்க் ரெஞ்ச், கோணமானி, நீளக் கைப்பிடியுள்ள பிரேக்கர் பார்
- சாக்கெட்டுகளும் ரிங் ஸ்பேனர்களும். 13 முதல் 24 மி.மீ. வரை இருந்தால் பெரும்பாலான இடங்களுக்குப் போதும்
- பால் ஜாயின்ட் தண்டைச் சுழலாமல் பிடிக்க ஆலன் அல்லது டார்க்ஸ் பிட்டுகள்
- திருகு வகை பால் ஜாயின்ட் செப்பரேட்டர்
- துரு இளக்கும் எண்ணெய், கம்பி பிரஷ், அளவு நாடா, வெள்ளை பெயின்ட் பேனா, கட்டுக்கம்பி

இரண்டு முள் கொண்ட கவை வகைச் செப்பரேட்டரை வாங்க வேண்டாம். அது ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் உறையை (பூட்) கிழித்துவிடும். தூக்கி எறியப்போகும் ஆர்ம் என்றால் பரவாயில்லை. டை ராட் போலத் திரும்பப் போடும் பாகத்தில் பூட் கிழிந்தால் தூசியும் நீரும் புகுந்து அந்த ஜாயின்டும் விரைவில் போய்விடும்.

உங்கள் மாடலுக்கான டார்க் அளவுகளை முன்னதாகவே எழுதி, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் ஒட்டி வையுங்கள். ஒரே காரிலேயே பால் ஜாயின்ட் நட்டுக்கு ஓர் அளவு, புஷ் போல்ட்டுக்கு வேறு அளவு. அடுத்த மாடலின் அளவு உங்களுக்குப் பொருந்தாது.

4. முந்தைய நாள் வேலை

எல்லா போல்ட்டுகளையும் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் அடித்து இரவு முழுக்க விடுங்கள். அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட் இருக்கும் இடங்களில் இரண்டு உலோகமும் ஈரத்தோடு சேர்ந்து வெள்ளைப் பொடியாக அரித்துப் பிடித்திருக்கும். எண்ணெய் உள்ளே ஊற நேரம் வேண்டும். பிரேக் டிஸ்க்கிலும் பேடிலும் எண்ணெய் படாமல் துணியால் மூடிக்கொள்ளுங்கள்.

வீல் போல்ட்டுகளில் பூட்டு போல்ட் இருந்தால் அதன் சாவியை இப்போதே தேடி எடுத்து வையுங்கள்.

5. தூக்கும் முன் உயரத்தை அளந்து எழுதுங்கள்

இந்த அடியைத் தாண்டிப் போனவர்கள் கடைசியில் குத்துமதிப்பாக இறுக்குகிறார்கள்.

கார் சமதளத்தில் நான்கு சக்கரத்திலும் நிற்கட்டும். உள்ளே யாரும் இருக்க வேண்டாம், டயர் காற்று சரியாக இருக்கட்டும். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து நேர் மேலே மட்கார்டு விளிம்பு வரை அளந்து, இடது, வலது தனித்தனியாக எழுதிக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளக்காமல் நடுப்புள்ளியிலிருந்து அளப்பதற்குக் காரணம், சக்கரத்தைக் கழற்றிய பிறகும், சக்கரம் பூட்டப்படும் பாகமான ஹப்பின் நடுப்புள்ளி இருக்கும் என்பதுதான். டயர் காற்று மாறினாலும் இந்த அளவு மாறாது.

சில தயாரிப்பாளர்கள் இருக்கைகளில் குறிப்பிட்ட எடை வைத்து, டேங்க்கை நிரப்பிவிட்டுத்தான் இறுதி இறுக்கம் செய்யச் சொல்கிறார்கள். உங்கள் கையேடு அப்படிச் சொன்னால் அதே எடையை வைத்து இந்த அளவையும் எடுங்கள்.

6. காரைத் தூக்கி நிறுத்துதல்

வீல் போல்ட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வையுங்கள்.

ஏர் சஸ்பென்ஷன் உள்ள காரா? மெனுவில் ஜாக் மோடைப் போட்ட பிறகே தூக்க வேண்டும். இல்லாவிட்டால், ஒரு பக்கம் உயர்ந்துவிட்டதாக நினைத்து கார் தானாகவே காற்றை வெளியே விட்டு உயரத்தைச் சரிசெய்யப் பார்க்கும். நிறுத்தி வைத்த பிறகும் கதவைத் திறந்தால் சில கார்கள் விழித்துக்கொண்டு சமன் செய்யும். சாவியைத் தள்ளி வைத்துவிட்டு, வேலை முடியும்வரை கதவைத் திறக்காதீர்கள். காற்றில்லாத பையின் மீது காரின் எடையை இறக்கவும் கூடாது, மடிப்பு பிசகிப் பை கிழியும்.

முன்பக்கம் இரண்டு பக்கத்தையும் ஒரே உயரத்தில் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒரு பக்கத்தை மட்டும் தூக்கினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கேறி நிற்கும். லிங்க்கைக் கழற்றும்போது அது துள்ளும், மாட்டும்போது துளைக்கு வராது. ஸ்டாண்டை உடலில் அதற்கென்று குறித்திருக்கும் ஜாக் இடங்களில் ரப்பர் பேட் வைத்து நிறுத்துங்கள். ஆர்மின் மேல் ஸ்டாண்ட் வைக்கக் கூடாது, அந்த ஆர்மைத்தான் கழற்றப்போகிறோம்.

ஸ்டாண்டில் உட்கார்ந்ததும் காரைக் கையால் பலமாக ஆட்டிப் பாருங்கள். இப்போது விழாதது பிரேக்கர் பாரில் தொங்கும்போதும் விழாது என்ற நம்பிக்கை வந்த பிறகே கீழே கை நீட்டுங்கள். கழற்றிய சக்கரத்தைக் காரின் ஓரத்துக்கு அடியில் படுக்கவைத்தால் கூடுதல் காவல்.

7. குறுக்கே நிற்பவற்றை விலக்குதல்

கீழ் ஆர்மிலிருந்து ஒரு சிறிய கம்பி சென்சாருக்குப் போகிறதா என்று பாருங்கள். ஹெட்லைட்டின் உயரத்தைத் தானாகச் சரிசெய்யும் சென்சார் அது. முதலில் இதைக் கழற்றுங்கள். மறந்து ஆர்மைக் கீழே இறக்கினால் அதன் பிளாஸ்டிக் முனை உடைந்துவிடும்.

நக்கிளில் கட்டியிருக்கும் ஏபிஎஸ் வயரையும் பிரேக் ஹோஸையும் கிளிப்பிலிருந்து விடுவியுங்கள். சென்சாரையே பிடுங்கத் தேவையில்லை, வயருக்குத் தளர்வு இருந்தால் போதும். பிரேக் காலிப்பரை (பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) கழற்ற வேண்டி வந்தால் கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கோடு கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கினால் அது உள்ளே கிழிந்துபோகும், வெளியே எதுவும் தெரியாது.

பிறகு ஸ்டெபிலைசர் லிங்க். நட்டைத் திருப்பும்போது தண்டும் சேர்ந்து சுழன்றால் தண்டின் முனையில் ஆலன் அல்லது டார்க்ஸ் பிட் வைத்துப் பிடித்துக்கொண்டு ரிங் ஸ்பேனரால் திருப்புங்கள்.

8. பால் ஜாயின்டைப் பிரித்தல்

நட்டை முழுதும் கழற்றாமல் தண்டின் முனையோடு சமமாக வரும்வரை தளர்த்துங்கள். செப்பரேட்டர் அழுத்தும்போது மரை நசுங்காமல் நட்டு காக்கும். ஜாயின்ட் 'டப்' என்று விடுபடும்போது ஆர்ம் கீழே பாய்ந்து விழாமலும் பிடித்துக்கொள்ளும்.

செப்பரேட்டரை நேராக மாட்டி, திருகை இறுக்கிவிட்டு ஒரு நிமிடம் விடுங்கள். விடுபடவில்லையென்றால் இன்னும் கால் சுற்று. இரும்பு நக்கிள் என்றால் ஜாயின்ட் உட்கார்ந்திருக்கும் கண்ணின் பக்கவாட்டில் சுத்தியலால் ஓர் அடி போடலாம். அலுமினிய நக்கிளில் அடிக்க வேண்டாம். விரிசல் விட்டால் நக்கிளையே மாற்ற நேரிடும்.

நட்டை இளக்கும்போது கூம்புத் தண்டு உள்ளே சுழல ஆரம்பித்தால், ஆர்முக்கு அடியில் ஜாக்கி கொடுத்து மெல்ல மேலே அழுத்துங்கள். கூம்பு இறுகி உட்கார்ந்து சுழற்சி நின்றுவிடும். மேலிருந்து கீழே வரும் ஜாயின்ட் என்றால் அழுத்தும் திசையும் மாறும். கூம்பு எந்தப் பக்கம் குறுகுகிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாக அழுத்த வேண்டும்.

9. ஆடி வகை மேல் ஆர்ம்கள்: நீள போல்ட்

இந்த வகையில் இரண்டு மேல் ஆர்ம்களின் பால் ஜாயின்ட் தண்டுகளும் நக்கிளின் உச்சியில் உள்ள பிளவுகளுக்குள் இறங்கியிருக்கும். குறுக்கே போகும் ஒரே நீள போல்ட் இரண்டையும் கவ்விப் பிடிக்கும். முழு வேலையிலும் ஆளை அதிகம் சோதிப்பது இந்த போல்ட்தான். நட்டு எளிதில் வந்துவிடும், போல்ட் வராது.

முதலில் அதை வெளியே அடிக்க நினைக்காதீர்கள், சுழற்றுங்கள். தலையில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னுமாகச் சிறு கோணத்தில் அசைத்து, எண்ணெய் விட்டு, மறுபடி அசையுங்கள். பிடிப்பு விட்டு முழுச் சுற்று சுழல ஆரம்பித்த பிறகு, சுழற்றிக்கொண்டே மறுமுனையிலிருந்து தட்டினால் வெளியே வரும். சுழலாத போல்ட்டைச் சுத்தியலால் அடித்தால் முனை காளான் போல விரிந்துவிடும். அதன் பிறகு துளையிட்டு எடுப்பதைத் தவிர வழி இருக்காது. சுழல மறுத்தால் நக்கிளைச் சூடாக்கலாம். அலுமினியம் இரும்பைவிட அதிகம் விரிவதால் பிடி தளரும். பக்கத்தில் இருக்கும் ரப்பர் பூட்டுகளையும் ஏபிஎஸ் வயரையும் முதலில் விலக்கிவிட்டு, தீச்சுடருக்குப் பதில் வெப்பக் காற்றுக் கருவியைப் பயன்படுத்துங்கள்.

போல்ட் வந்த பிறகும் தண்டு வரவில்லையென்றால் பிளவுக்குள் உளி அடித்து அகலப்படுத்தும் ஆசை வரும். வேண்டாம், பிளவின் இரு பக்கமும் உள்ள நக்கிளின் காதுகள் உடையும். எண்ணெய் விட்டு ஆர்மை இடவலமாகத் திருப்பிக்கொண்டே மேல்நோக்கி அழுத்துங்கள்.

மேல் ஆர்ம்கள் விடுபட்டதும் நக்கிள் வெளிப்பக்கமாகச் சாயும். அதை உடனே கட்டிவையுங்கள். இல்லாவிட்டால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள் ஜாயின்ட் பிரிந்துபோகலாம், பிரேக் ஹோஸும் இழுபடும்.

இதே வகையில் இன்னொரு தனிச் சிக்கல் உண்டு. மேல் ஆர்ம்களின் உள்பக்க போல்ட்டுகளைக் கார் நிற்கும் நிலையில் எட்ட முடியாது. ஸ்டிரட்டை (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தொகுப்பு) அதன் மேல் தாங்கியோடு சேர்த்து வெளியே எடுத்து, மேசையிலேயே இறுக்கிவிட்டு மாட்ட வேண்டும். ஆகவே தாங்கிக்கும் ஆர்முக்கும் இடையே சரியான கோணம் தெரிந்திருக்க வேண்டும். தயாரிப்பாளர் இதற்கு ஓர் இடைவெளி அளவைக் கொடுத்திருப்பார், அதைப் பின்பற்றுங்கள். ஸ்பிரிங்கைப் பிரிக்கத் தேவையில்லை, பிரிக்கவும் வேண்டாம். ஸ்டிரட்டின் நடுநட்டை மட்டும் ஒருபோதும் தொடாதீர்கள். அமுங்கியிருக்கும் ஸ்பிரிங்கைப் பிடித்திருப்பது அதுதான்.

10. பழைய ஆர்மை எடுத்து, புதியதை ஏற்றுதல்

உள்பக்க போல்ட்டைக் கழற்றும் முன் அதன் தலை எந்தப் பக்கம் பார்க்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். திருப்பிப் போட்டால் சில இடங்களில் போல்ட் முனை வேறொரு பாகத்தில் உரசும். போல்ட்டின் தலை மையம் விலகிய வட்டோடு இருந்தால் அது அலைன்மென்ட்டை (சக்கரங்கள் நிற்கும் கோணங்களை) சரிசெய்யும் போல்ட். கழற்றும் முன் அதன் நிலையைப் பெயின்ட் பேனாவால் குறியுங்கள்.

பழைய ஆர்மையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: நீளம், வளைவு, புஷ்ஷின் அகலம், தண்டின் கூம்பு. இடது, வலது ஆர்ம்கள் கண்ணாடி பிம்பம் போல இருப்பதால் மாறிப்போவது சகஜம். மாறிப் போட்டாலும் சில கார்களில் ஏறிவிடும். பிறகு அலைன்மென்ட்டில் எண் வராமல் நாள் முழுக்கத் தேட வேண்டி வரும்.

உட்காரும் பரப்புகளையும் கூம்புத் துளையையும் சுத்தமாகத் துடையுங்கள். கூம்பில் கிரீஸ் தடவக் கூடாது, அது உலர்ந்த பிடிப்பில்தான் நிற்க வேண்டும். மரையிலும் எண்ணெய் வேண்டாம். எண்ணெய் பட்ட மரையில் அதே டார்க் கொடுத்தால் போல்ட் கூடுதலாக இழுபடும். ஆடி வகையின் நீள போல்ட்டின் வழவழப்பான தண்டுப் பகுதிக்கு மட்டும், அலுமினியத்துக்கு ஏற்ற பிடிப்புத் தடுப்புப் பசையை மெல்லப் பூசலாம். அடுத்த தடவை கழற்றுபவர் உங்களை வாழ்த்துவார்.

இப்போது உள்பக்க போல்ட்டைக் கையால் திருகி, ஸ்பேனரால் ஆட்டம் போகும் அளவு மட்டும் இறுக்குங்கள். டார்க் ரெஞ்ச்சை எடுக்காதீர்கள். பிறகு பால் ஜாயின்டை நக்கிளில் மாட்டி, அதன் புதிய நட்டை முழு டார்க்குக்கும் இப்போதே இறுக்குங்கள். பால் ஜாயின்ட் சுழலும் ஜாயின்ட் என்பதால் உயரம் அதைப் பாதிக்காது. புஷ்ஷுக்கு மட்டும்தான் காத்திருப்பு. எந்த போல்ட்டை முழுதும் இறுக்கினீர்களோ அதன் மேல் வெள்ளைக் கோடு போடுங்கள். கோடில்லாதது இறுக்கப்படாதது. இந்தப் பழக்கம் இல்லாமல் முடித்த வேலைகளில்தான் ஒரு போல்ட் தளர்ந்தே சாலைக்குப் போகிறது.

நட்டை இம்பாக்ட் துப்பாக்கியால் ஏற்ற வேண்டாம். தண்டு சுழன்று அதை மூடியிருக்கும் ரப்பர் பூட் முறுக்கிக்கொள்ளும்.

11. இறுதி இறுக்கம்: கார் நிற்கும் உயரத்தில்

புஷ்ஷின் உள்வளையத்தை போல்ட் இறுகக் கவ்வி அசையாமல் நிறுத்துகிறது. வெளிவளையம் ஆர்மோடு நகர்கிறது. நடுவில் இருக்கும் ரப்பர் இரண்டிலும் ஒட்டியிருக்கிறது. ஆர்ம் மேலும் கீழும் அசைவதெல்லாம் ரப்பர் முறுக்கிக் கொடுப்பதால்தான், எங்கும் வழுக்கி நகர்வதால் அல்ல. ஆக, எந்த நிலையில் போல்ட்டை இறுக்குகிறோமோ அதுவே ரப்பரின் ஓய்வு நிலை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆர்மின் நீளம் 350 மி.மீ., சக்கரம் தொங்கும்போது அதன் முனை நிற்கும் உயரத்திலிருந்து 90 மி.மீ. கீழே போகிறது என்று வைத்துக்கொள்வோம். கிட்டத்தட்ட 15 டிகிரி. தொங்கும் நிலையில் இறுக்கினால், கார் சும்மா நிற்கும்போதே ரப்பர் 15 டிகிரி முறுக்கிய நிலையில் இருக்கும். ஒவ்வொரு மேட்டிலும் அதற்கு மேல் முறுக்கும். கிழியாமல் என்ன செய்யும்? திரவம் நிரப்பிய புஷ்ஷாக இருந்தால் கசிவு இன்னும் சீக்கிரம் வரும்.

சரியான நிலையைப் பெற இரண்டு வழிகள் உண்டு.

சக்கரத்துக்கு அடியில் பலகை அடுக்குவது. சக்கரங்களை மாட்டி, டயரைவிட அகலமான கெட்டியான மரப்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இரு பக்கமும் ஒரே உயரத்துக்கு அடுக்கி, காரை அவற்றின் மேல் இறக்குங்கள். டயரின் பிடிப்பு சக்கரத்தை வெளிப்பக்கம் நகரவிடாது, அதனால் கார் முழுதும் உட்காராது. பலகைக்கும் டயருக்கும் நடுவே கிரீஸ் தடவிய இரண்டு பிளாஸ்டிக் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் டயர் நகர்ந்து உட்காரும். பானெட்டைச் சில தடவை அழுத்திவிட்டு, 5ஆவது அடியில் எழுதிய அளவோடு ஒப்பிடுங்கள். அளவு வந்ததும் ஸ்டாண்டுகளை உடலுக்குக் கீழே காவலாக நிறுத்தி, புஷ் போல்ட்டுகளை இறுக்குங்கள். என் தேர்வு இதுதான், ஏனென்றால் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் உண்மையான நிலைக்கு வருகின்றன.

ஜாக்கியால் தூக்குவது. கார் ஸ்டாண்டில் இருக்க, ஆர்மின் வெளிமுனைக்கு அடியில் ஜாக்கி வைத்து ஹப்பின் நடுப்புள்ளிக்கும் மட்கார்டு விளிம்புக்கும் இடையே எழுதிய அளவு வரும்வரை தூக்குவது. இங்கே ஆபத்து உண்டு. அளவு சரியாக வரும் நொடியில் அந்த மூலையின் எடை கிட்டத்தட்ட முழுதும் ஜாக்கிக்கு மாறியிருக்கும், ஸ்டாண்ட் லேசாகிவிடும். உடல் ஸ்டாண்டிலிருந்து மேலெழுந்தால் உடனே நிறுத்தி இறக்குங்கள். அந்த நிலையில் காருக்கு அடியில் தலையைக் கொண்டுபோகக் கூடாது. போல்ட்டை வெளியிலிருந்தே எட்ட முடிந்தால் மட்டும் இந்த வழி.

டார்க் கொடுத்து அதன் மேல் கோணம் கேட்கும் போல்ட்டுக்கு, முதலில் டார்க் ரெஞ்ச்சால் இறுக்கி, தலையிலும் பக்கத்து உலோகத்திலும் ஒரே கோடு போட்டு, பிறகு கோணமானி வைத்து மீதியைத் திருப்புங்கள். திருப்பும்போது நட்டு இருக்கும் பக்கத்தை இன்னொரு ஸ்பேனர் பிடித்திருக்க வேண்டும். கையேடு எந்தப் பக்கத்தைத் திருப்பச் சொல்கிறதோ அதையே திருப்புங்கள். இடம் போதாமல் திறந்த வாய் இணைப்பைப் போட்டால் அதை ரெஞ்ச்சுக்குச் செங்குத்தாக வையுங்கள். நீளவாக்கில் வைத்தால் நெம்பும் தூரம் கூடி, காட்டும் எண்ணைவிட அதிகமாக இறுகிவிடும்.

ஸ்டெபிலைசர் லிங்க்கின் நட்டுகளையும் இதே நிலையில் முடித்துவிடுங்கள்.

12. டை ராட் மாற்றுவதாக இருந்தால்

வெளிமுனையை மட்டும் மாற்றும்போது, பூட்டு நட்டைத் தளர்த்தும் முன் அதன் இடத்தைப் பெயின்ட்டால் குறித்துவிட்டு, பழைய முனை எத்தனை சுற்றில் வெளியே வருகிறது என்று எண்ணுங்கள். புதியதை அதே சுற்றுக்கு ஏற்றுங்கள். அலைன்மென்ட் இதனால் சரியாகிவிடாது. அலைன்மென்ட் மையம்வரை டயரைத் தேய்க்காமல் ஓட்டிப்போக முடியும், அவ்வளவுதான்.

13. இறக்கிய பிறகு

வீல் போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக இறுக்குங்கள். இந்த வகைக் கார்களில் 120 நியூட்டன் மீட்டர் என்பது பரவலான அளவு, உங்கள் கையேட்டில் உள்ளதையே பின்பற்றுங்கள். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு மறுபடி ஒரு தடவை டார்க் பாருங்கள்.

ஸ்டீயரிங்கை இரு கோடிக்கும் திருப்பி, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் எங்கும் இழுபடவில்லை, டயரில் உரசவில்லை என்று கண்ணால் பாருங்கள். ஹெட்லைட் சென்சாரின் கம்பியைத் திரும்ப மாட்டினீர்களா? காலிப்பரைக் கழற்றியிருந்தால், கிளம்பும் முன் பெடல் கெட்டியாகும்வரை பிரேக்கைச் சில தடவை அழுத்துங்கள். முதலில் மெதுவான வேகத்தில் ஓட்டி, நேராகப் போகிறதா, பிரேக்கில் இழுக்கிறதா, சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள். புதிய சத்தம் வந்தால் மேலே ஓட்டாதீர்கள். திரும்பி வந்து வெள்ளைக் கோடில்லாத போல்ட்டைத் தேடுங்கள்.

ஆர்ம் மாற்றிய பிறகு அலைன்மென்ட் கட்டாயம். டோ (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) மட்டும் பார்த்து அனுப்பச் சம்மதிக்காதீர்கள். கேம்பர் (சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாயும் கோணம்), காஸ்டர் (சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாயும் கோணம்) எண்களையும் அச்சிட்டு வாங்குங்கள். காஸ்டர் இரு பக்கமும் கணிசமாக வேறுபட்டால் ஏதோ ஓர் ஆர்ம் பக்கம் மாறியிருக்கலாம் அல்லது சரியாக உட்காராமல் இருக்கலாம். கேமரா, ரேடார் கொண்டு பாதையைப் பிடித்துக்கொள்ளும் வசதி உள்ள கார்களில் அலைன்மென்ட்டுக்குப் பின் ஸ்டீயரிங் கோண சென்சாரையும் அந்தக் கேமராவையும் சீராக்க வேண்டியிருக்கும். அந்த வசதி உங்கள் மையத்தில் உண்டா என்று நேரம் பதிவுசெய்யும்போதே கேட்டுவிடுங்கள்.